கோட்டுக்கு வெளியே நின்றவர்

இங்கே நான் உறுதிசெய்துகொண்டவற்றை மட்டுமே எழுதுகிறேன். அதற்கான காரணத்தை முதலில் சொல்லிவிடுவது முறை.

எண்பதுகளின் முற்பகுதியில் சுவிற்சர்லாந்துக்கு வந்து தஞ்சம் கேட்டபோது, விசாரணை அறையில் அதிகாரி ஒருவர் என்னிடம் எளிய கேள்வி ஒன்றைக் கேட்டார். நான் வீட்டைவிட்டுப் புறப்பட்டது காலையிலா, மாலையிலா? எனக்கு நினைவில்லை. ஆனால் கேட்டவர் பண்பாகக் கேட்டார். பேனாவைத் தாளின்மீது வைத்தபடி காத்திருந்தார். பெரிய மனிதர் ஒருவரைக் காக்கவைப்பது அழகல்ல என்று எண்ணிக் ‘காலையில்’ என்றேன். மாதங்கள் சில கழித்து நடந்த இரண்டாவது விசாரணையில் அதே கேள்வி மறுபடியும் வந்தது. முன்னர் சொன்னதை மறந்து ‘மாலையில்’ என்றேன். அந்த இரண்டு சொற்களுக்கும் இடையிலிருந்த வேறுபாட்டை விளக்குவதற்கு நான் எழுதிய கடிதங்கள் பல. மரியாதைக்காகச் சொன்ன ஒரு விடை எவ்வளவு தூரம் ஒருவனைத் துரத்தும் என்பதை அப்போது அறிந்தேன். அதன்பின் தெரியாததைத் தெரியாது என்றே சொல்லிவருகிறேன்.

நான் எழுதவிருப்பது பெரு நாட்டைச் சேர்ந்த ஓர் உதைபந்தாட்ட வீரரைப் பற்றி. பின்களத்தில் ஆடியவர், பின்னர் பயிற்றுநரானவர். எம்மன்புரூக்கே என்ற சுவிஸ் ஆலை நகரில் எங்களுடன் வாழ்ந்த சிலர் இன்றைக்கும் கலியாண வீடுகளில் அவரைப் பற்றிக் கதைப்பதுண்டு. அவர் உலகக் கிண்ணத்தில் ஆடினார் என்பார் ஒருவர். தமிழ் பேசுவார் என்பார் இன்னொருவர். பயிற்றுநர் தேர்வில் தேர்வாளரைக் காலால் உதைத்தார் என்று மூன்றாமவர் சொல்ல, எல்லோரும் சிரிப்பார்கள். இவற்றுள் எதுவும் உண்மையன்று. உதைத்தவர் அவரல்லர், அது உதையும் அன்று. நான் அங்கே நின்றேன்.

கண்ணால் கண்டவை, தாளில் வாசித்தவை, அவர் வாயிலிருந்தே கேட்டவை என்ற மூன்றையும் வெவ்வேறாகவே வைத்திருக்கிறேன். நான்காவதாக எதையும் சேர்க்கவில்லை.

தாளில் கண்டவை இவை. லிமா நகருக்கு அண்மையிலுள்ள துறைமுகப் பட்டினமொன்றின் இரண்டாம் பிரிவுக் கழகம் வழங்கிய வீரர் அட்டை. அதில் மீசை அரும்பிய அவரது முகம். அதே கழகத்தின் ஒளிப்படம் ஒன்று. பின்வரிசையில் மூன்றாவது ஆளாக, கைகளைக் கட்டியபடி நிற்கிறார். சுவிற்சர்லாந்தின் கீழ்ப்பிரிவுக் கழகமொன்றுடன் செய்துகொண்ட ஒப்பந்தத்தின் முதற்பக்கம். இரண்டாம் பக்கத்தை நான் பார்க்கவில்லை. கண்ணால் கண்டது, அவருடைய வலது முழங்காலில் மேலிருந்து கீழாக ஓடிய நீண்ட தழும்பு. வாயிலிருந்து கேட்டது, இங்கே வந்த இரண்டாவது குளிர்காலத்தில் உறைந்த தரையில் அந்த முழங்கால் திரும்பிவிட்டது என்பதும், கழகம் ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கவில்லை என்பதும். சிறுவயதில் புல்லில்லாத மண்தரையிலேயே ஆடியதாகவும், பதினேழு வயதில்தான் புற்றரையில் காலூன்றியதாகவும் சொன்னார்.

நாங்கள் இருவரும் சந்தித்தது எம்மன்புரூக்கேயின் நூலிழை ஆலையில். அவர் நூற்கண்டுகள் அடுக்கிய வண்டிகளைத் தள்ளினார். நான் அவற்றைப் பெட்டிகளில் அடுக்கினேன். யாழ்ப்பாணத்தில் நான் தமிழாசிரியன், இலக்கணம் கற்பித்தவன். ஜெர்மன் மொழியையும் இலக்கணத்தின் வழியாகவே கற்றேன். ஆகவே எழுத்து ஜெர்மன் எனக்கு விளங்கும். இங்குள்ளோர் பேசும் வட்டார ஜெர்மன் விளங்காது. அவருக்கோ எல்லாம் நேர்மாறு. ஓர் இடைவேளையில் அவர் சிறு கைந்நூல் ஒன்றை விரித்து, ஒரே வரியின் கீழ் விரலை வைத்துக்கொண்டு வெகுநேரம் இருந்தார். நான் அருகே போய் அந்த வரியின் பொருளைச் சொன்னேன். அது பயிற்றுநர் சான்றிதழுக்கான பாடநூல். அன்று தொடங்கி வசந்தம் முடியும்வரை, இடைவேளை தோறும் நாங்கள் அதை வாசித்தோம். எழுத்துத் தேர்வில் அவர் தேறினார்.

எஞ்சியது செய்முறைத் தேர்வு. அதில் அவர் முந்திய ஆண்டு, பழைய கழகத்து ஆட்களோடு போய், ஒருமுறை தோற்றிருந்தார். முடிவுத் தாளை என்னிடம் வாசிக்கத் தந்தார். கேட்கப்பட்ட ஆட்டத்தை அவரால் ஆடிக்காட்ட முடிகிறது, அவருடைய வீரர்களால் முடியவில்லை என்று அதில் எழுதியிருந்தது. என்ன நடந்தது என்று கேட்டேன். வீரர்கள் தடுமாறியபோது பொறுக்கமாட்டாமல் தாமே உள்ளே இறங்கிப் பந்தைப் பறித்துக் காட்டியதாகச் சொன்னார். மூன்று முறை பறித்தாராம்.

இரண்டாம் முறையே கடைசி முறை. மலையடிவாரக் கிராமமொன்றின் கழகம், சான்றிதழ் கிடைத்தால் அவரைப் பயிற்றுநராக ஏற்பதாகக் கடிதம் எழுதியிருந்தது. அந்தக் கடிதத்தை நான் வாசித்திருக்கிறேன். கிடைக்காவிட்டால் ஆண்டு முடிவில் ஊருக்குத் திரும்பிவிடுவதாக மனைவிக்கு எழுதிவிட்டதாகச் சொன்னார். மனைவியும் ஐந்து வயது மகளும் அங்கே இருந்தார்கள். வேலைக்கு அங்கே வழியிருந்ததா என்று நான் கேட்கவில்லை. அவருடைய வதிவிட அனுமதி எவ்வகையானது என்றும் கேட்கவில்லை. எங்களிடையே அது கேட்கக்கூடாத கேள்வி.

தேர்வுக்கு ஓர் அணி வேண்டும். ஏனைய தேர்வர்கள் தங்கள் கழகத்து அணியைக் கொண்டுவருவார்கள். இவருக்கோ இப்போது கழகமே இல்லை. சனிக்கிழமைகளில் ஆற்றங்கரை மைதானத்தில் தமிழர்கள் விளையாடுவதை வேலிக்கு வெளியே நின்று இரண்டு வாரம் பார்த்தார். மூன்றாம் வாரம் உள்ளே வந்து, இந்தப் பதினொரு பேரையும் தனக்குத் தரமுடியுமா என்று என்னிடம் கேட்டார்.

பதினொரு பேரில் நானும் ஒருவன். பன்னிரண்டாமவர் இல்லாததால் ஒருவன். முப்பத்தாறு வயது, வலப்புறப் பின்காவல், ஓட்டம் சுமார். எங்கள் பின்களத்தின் நடுவில் நின்றவர் யாழ்ப்பாணக் கரையோரத்துக் குருநகர்க்காரர் ஒருவர். இருபத்துநான்கு வயது, கடற்றொழில் செய்தவர், உடம்பு முழுக்க உறுதி. பந்து எங்கே வரும் என்பது அடிப்பவனுக்குத் தெரியுமுன் அவருக்குத் தெரியும். இலக்கைக் காத்தவர் மன்னாரைச் சேர்ந்தவர்; என் வயதினர், குரல் பெரிது, அந்தக் குரலைப் பெரும்பாலும் பந்து உள்ளே போனபிறகே பயன்படுத்துவார்.

பயிற்றுநர் எங்களுக்குக் கற்பிக்க விரும்பியது ஒன்றே ஒன்று. எதிரணி பந்தை முன்னோக்கி அடிப்பதற்குச் சற்று முன், பின்களத்து நால்வரும் ஒருசேர முன்னேறவேண்டும். அப்போது எங்களுக்குப் பின்னால் அகப்பட்டுக்கொள்ளும் எதிராளி தவறான இடத்தில் நின்றவராவார்; நடுவர் ஊதிவிடுவார். நால்வரில் ஒருவர் பின்தங்கினாலும் எல்லாம் வீண். எப்போது முன்னேறுவது என்பதை நடுவில் நிற்பவரே கண்டு குரல் கொடுக்கவேண்டும். அதாவது, குருநகர்க்காரர்.

அவர் குரல் கொடுக்கவில்லை. முதல் நாள் முழுவதும் ஒரு சொல்லும் சொல்லவில்லை. தாம் மட்டும் முன்னேறினார். நான் பின்னால் நின்றேன். என் பக்கமாகவே பந்து திரும்பத்திரும்ப உள்ளே போனது.

“மாஸ்டர் நிண்ட இடத்தில நிண்டு இலக்கணம் படிக்கிறார்,” என்றார் மன்னார்க்காரர்.

“நீர் அதை முதலே சொல்லியிருக்கலாமே.”

“நான் சொன்னால் கேப்பியளோ? எனக்குத் தெரியிறது உங்கட முதுகு மட்டும்தான்.”

பயிற்றுநர் என்னை அழைத்தார். நாங்கள் இருவரும் பேசியது எவரும் ஒப்புக்கொள்ளாத ஒரு ஜெர்மன். அதைத் தமிழில் தரும்போது எங்கள் பேச்சுவழக்கிலேயே தருவது பொருத்தம்.

“மாஸ்டர், அவன் ஏன் உம்மைக் கூப்பிடுறான் இல்லை?” என்றார். எல்லோரும் அழைப்பதைக் கேட்டு, அதையே என் பெயரென்று எண்ணியிருந்தார்.

நான் விளக்கினேன். குருநகர்க்காரரின் தமையனுக்கு நான் பள்ளிக்கூடத்தில் படிப்பித்தவன். தமையனின் ஆசிரியரைப் பார்த்து, ‘முன்னுக்கு வா’ என்று எங்கள் ஊரில் எவரும் கத்தமாட்டார்கள். ஆசிரியர் நடக்கத் தொடங்கிய பிறகே மற்றவர் நடப்பார்கள்.

அவர் நான் நின்ற இடத்தைக் கையால் காட்டினார். “ஆனால் நீர் நடக்கிறீர் இல்லை,” என்றார்.

“எப்ப நடக்கவேணுமெண்டு எனக்குத் தெரியாது. அது அவருக்குத்தான் தெரியும்.”

“அவருக்குத் தெரியும், சொல்லமாட்டார். நீர் சொல்லலாம், உமக்குத் தெரியாது.” அவர் புல்லைப் பார்த்தார். “இப்பிடி ஒரு பின்களத்தை நான் என்ரை சீவியத்தில காணேல்லை.”

அடுத்த சனிக்கிழமை குருநகர்க்காரரிடம் நானே பேசினேன். ஆட்டக் களத்தில் வயது இல்லை, வேண்டியபோது கத்தவேண்டும் என்றேன். “ஓம் மாஸ்டர்,” என்றார். பந்து வந்தது. அவர் என்னைப் பார்த்தார், வாயைத் திறந்தார்.

“மாஸ்டர், குறை நினையாதேங்கோ, ஒருக்கா முன்னுக்கு வாறியளோ?”

அந்த வாக்கியம் முடிவதற்குள் பந்து வலையைத் தொட்டுவிட்டது. மன்னார்க்காரர் தரையில் உட்கார்ந்து சிரித்தார். “தேத்தண்ணியும் ஊத்திக் குடு,” என்றார்.

பயிற்றுநர் சிரிக்கவில்லை. கோபிக்கவுமில்லை. அடுத்த முறை ஆலையிலிருந்து கழித்துவிட்ட பொதி கட்டும் கயிறு ஒன்றைத் தோளில் சுற்றிக்கொண்டு வந்தார். நால்வரையும் வரிசையாக நிறுத்தி, ஒருவர் இடுப்பிலிருந்து அடுத்தவர் இடுப்புக்குக் கட்டத் தொடங்கினார். அவர் போட்ட முடிச்சைப் பார்த்த குருநகர்க்காரர் பொறுக்கவில்லை.

“இது முடிச்சில்லை. இதால ஒரு ஆட்டையும் கட்டேலாது. விடுங்கோ, நான் கட்டுறன்.”

இழுத்தால் இறுகாமலும் விட்டால் கழலாமலும் நிற்கும் முடிச்சுகளை அவர் போட்டார். எனக்குக் கட்டும்போது கையைத் துடைத்துக்கொண்டு கட்டினார்.

கயிறு எவருக்கும் மரியாதை பார்க்கவில்லை. குருநகர்க்காரர் முன்னேறினால் கயிறு என்னை இழுத்தது. நான் பின்தங்கினால் அவரையும் இழுத்து வீழ்த்தியது. முதல் நாள் ஏழு முறை விழுந்தோம். எழும்பும்போதெல்லாம் அவர், “மன்னிச்சுக்கொள்ளுங்கோ மாஸ்டர்,” என்றார். ஏழாம் முறை விழுந்தபோது அதைச் சொல்ல அவருக்கு மூச்சு இருக்கவில்லை.

ஆற்றங்கரையில் நாயுடன் உலாவ வந்த ஒருவர், வேலியருகே நின்று எங்களைக் கவலையோடு பார்த்தார். இவர்களை ஏன் கட்டியிருக்கிறீர்கள் என்று பயிற்றுநரிடம் கேட்டார். இது பயிற்சி என்றார் அவர். இவர்களுக்கு இதில் சம்மதமா என்றார் வந்தவர். பயிற்றுநர் என்னைக் காட்டினார். நான் கயிற்றில் நின்றபடி, எங்களுக்குச் சம்மதமே என்பதை ஒரு துணைவாக்கியத்துடன் கூடிய முழு வாக்கியமாக ஜெர்மனில் சொன்னேன். அவர் தொப்பியைத் தொட்டு வணங்கிவிட்டுப் போனார்.

“என்னவாம்?” என்றார் மன்னார்க்காரர்.

“எங்களைப் பிடிச்சு வைச்சிருக்கினமோ எண்டு கேட்டவர்.”

“ஓம் எண்டு சொல்லியிருக்கலாம். ஒருநாள் இளைப்பாறியிருப்பம்.”

கோடை முழுவதும் கயிற்றோடு ஓடினோம். மாலை வேலை முறை உள்ளவர்களுக்காகக் காலையிலும், காலை வேலை முறை உள்ளவர்களுக்காக மாலையிலும் அவர் வந்தார். தம் வேலை முறை எதுவாயினும் வந்தார். ஒருமுறைகூட மைதானத்துக்குள் இறங்கிப் பந்தைத் தொடவில்லை. வெள்ளைக் கோட்டுக்கு வெளியே, கைகளை முதுகின் பின்னால் பிடித்துக்கொண்டு நிற்பார். நாங்கள் பிழைவிடும்போது அந்தக் கைகள் ஒன்றையொன்று இறுக்குவதை நான் கண்டிருக்கிறேன். தழும்புள்ள அந்த முழங்காலோடு அவர் இறங்கியிருந்தால் எங்கள் பதினொருவரையும்விட நன்றாக ஆடியிருப்பார். அது அவருக்கும் தெரியும். அதனாலேயே அவர் இறங்கவில்லை.

தேர்வுக்கு இரண்டு வாரம் முன்னர் கயிற்றை அவிழ்த்தார். கயிறின்றி ஆடினோம். குருநகர்க்காரர் அடியெடுத்தபோது என் இடுப்பில் இழுப்பு உணர்ந்தேன். அங்கே கயிறு இல்லை என்பது மூன்றடி நடந்தபிறகே நினைவுக்கு வந்தது.

தேர்வு ஒரு சனிக்கிழமை முற்பகல், லுட்சேர்ன் நகரின் மைதானமொன்றில் நடந்தது. இரவு மழை பெய்திருந்ததால் தரை ஈரம். மற்றொரு தேர்வரின் அணியிலிருந்து ஆறு பேர் எங்களை எதிர்த்துத் தாக்குவது என்பது ஏற்பாடு. தேர்வாளர் மூவர். அவர்களுள் தலைவர் நரைத்த தலையர்; அறுபதைத் தாண்டியவர்; ஊதுகுழலைக் கழுத்தில் தொங்கவிட்டிருந்தார்.

முதல் தாக்குதல். நால்வரும் முன்னேறினோம், ஊதினார். இரண்டாவது, ஊதினார். மூன்றாவதிலும் ஊதினார். குரல் ஒன்றும் இல்லை. இல்லாத கயிறு எங்களை இழுத்துச் சென்றது. கோட்டுக்கு வெளியே நின்ற எங்கள் பயிற்றுநரை நான் ஓரக்கண்ணால் பார்த்தேன். கைகள் முதுகின் பின்னால் இருந்தன.

அப்போது தலைவர் ஊதுகுழலை இன்னொருவரிடம் கொடுத்தார். மேலங்கியைக் கழற்றி, மடித்து, ஓரத்தில் உட்காரும் வாங்கின்மீது வைத்தார். தாமே ஒரு தாக்குதல் வீரராக உள்ளே வந்தார். பந்தைக் காலில் கொண்டுவரும் ஒருவனை இந்தப் பின்களம் எப்படித் தடுக்கிறது என்று பார்ப்பது அவர் நோக்கம் என்பது பின்னர் எனக்கு விளங்கியது.

அவர் பந்தைத் தட்டியபடி நடுவால் வந்தார். வேகம் பெரிதாக இல்லை. குருநகர்க்காரர் எதிரே நின்றார். ஓரடி முன்வைத்தார். பின்னர், கோவில் வாசலில் பெரியவர் ஒருவருக்கு வழிவிடுவதுபோல் பக்கவாட்டில் விலகினார். இடப்புறமிருந்த இருவரும் விலகினார்கள். நானும் விலகினேன்; அதை மறைக்க விரும்பவில்லை. மன்னார்க்காரர் இரண்டு கைகளையும் விரித்தார். ஆனால் அது தடுப்பது போலன்றி வரவேற்பது போலவே இருந்தது. தலைவர் பந்தை மெதுவாக வலைக்குள் தள்ளிவிட்டு, மகிழ்ச்சியின்றித் திரும்பினார்.

“உங்கள் ஆட்கள் ஏன் என்னைத் தடுக்கவில்லை?” என்று பயிற்றுநரிடம் கேட்டார். அதை நான் தெளிவாகக் கேட்டேன். அவர் எழுத்து ஜெர்மனில் கேட்டார்.

பயிற்றுநர் என் முகத்தைப் பார்த்தார். கோடையின் தொடக்கத்தில் நான் சொன்ன விளக்கம் அவருக்கு நினைவிருந்தது என்பதை அந்தப் பார்வையில் கண்டேன். ஆனால் அதை அவர் தேர்வாளரிடம் சொல்லவில்லை. ஒரு நிமிடம் வேண்டும் என்றார். தந்தார்கள். கோட்டருகே எங்களை அழைத்தார்.

குருநகர்க்காரர் தலைகுனிந்து நின்றார். “மாஸ்டர், அவருக்கு எங்கட அப்பான்ரை வயசு. ஈரத்தில விழுந்தால் என்ன செய்யிறது?” என்றார். நான் அதை ஜெர்மனில் சொன்னேன்.

பயிற்றுநர் அவரிடமே பேசினார். நான் ஒவ்வொரு வாக்கியமாகத் தமிழில் சொன்னேன்.

“அவர் மேலங்கியை ஏன் கழட்டினவர்?”

“விளையாட.”

“ஓம். விளையாட வந்தவர். நீ விலகேக்கை அவருக்கு என்ன சொல்லுறாய் தெரியுமோ? நீர் கிழவன், போய் வாங்கில இரும் எண்டு சொல்லுறாய். எனக்கும் ஒருநாள் அப்பிடித்தான் சொன்னவை.” அவர் தம் முழங்காலை விரலால் தொட்டார். “ஒருத்தரும் என்னோட மோதமாட்டினம். பாவமெண்டு விலகுவினம். அதைப்போல மரியாதைக் குறைவு வேறை இல்லை. அவரை மதிக்கிறதெண்டால் பந்தைப் பறி.”

கடைசி வாக்கியத்தைத் தமிழில் இரண்டு முறை சொன்னேன். பேனாவுடன் காத்திருந்த அதிகாரி எனக்கு நினைவுக்கு வந்தார். அவருக்கு நான் காட்டிய மரியாதையும் இத்தகையதே. ‘நினைவில்லை’ என்ற உண்மையே அவருக்குத் தேவைப்பட்டது. நான் வழிவிட்டு நின்றேன்.

மறுபடியும் ஆட்டம் தொடங்கியது. தலைவர் அதே வழியாக வந்தார். குருநகர்க்காரர் விலகவில்லை. எதிரே போய், காலை நீட்டிப் பந்தை மட்டும் சுத்தமாக எடுத்தார். ஆயினும் தலைவர் தம் வேகத்தில் முன்னே சென்று, ஈரப் புல்லில் சறுக்கி விழுந்தார். நடுவராக நின்றவர் ஊதவில்லை. ஊத அங்கே பிழை ஒன்றும் இல்லை.

அடுத்து நடந்தது எந்தப் பாடநூலிலும் இல்லை. குருநகர்க்காரர் பந்தை அப்படியே விட்டுவிட்டுத் தலைவரைத் தூக்க ஓடினார். இடப்புறமிருந்தவர்கள் ஓடினார்கள். மன்னார்க்காரர் இலக்கைத் திறந்துபோட்டுவிட்டு ஓடிவந்தார். எங்கள் அணியில் பத்துப் பேர் ஒரு பெரியவரைச் சூழ்ந்து நின்று, அவருடைய முழங்காலில் ஒட்டிய சேற்றைத் தட்டினார்கள். நானும் ஓடினேன். ஆனால் என் ஓட்டம் சுமாரானது என்பதை ஏற்கெனவே சொல்லியிருக்கிறேன். நான் பாதிவழியில்தான் இருந்தேன்.

அந்நேரம் எதிரணி வீரர் ஒருவர், கேட்பாரற்றுக் கிடந்த பந்தை எடுத்துக்கொண்டு ஆளில்லாத இலக்கை நோக்கி ஓடினார்.

வலப்பக்க எல்லைக்கோட்டின் பக்கம் நான் பார்த்தேன். பயிற்றுநரின் வலது கால் தரையிலிருந்து எழுந்து வெள்ளைக் கோட்டுக்கு மேலாக வந்திருந்தது. அவருக்கும் பந்துக்கும் இடையே பத்து மீற்றர்கூட இல்லை. அந்தக் கால் காற்றில் நின்றது. பின்னர் அவர் அதைப் பின்னுக்கு எடுத்து, இருந்த இடத்திலேயே வைத்தார்.

அதே கணத்தில், தலைவரின் முழங்கையைத் தாங்கியபடி குனிந்திருந்த குருநகர்க்காரர் நிமிர்ந்து பார்த்து, கடலில் அடுத்த வள்ளத்துக்குக் கேட்கும் குரலில் கத்தினார்.

“மாஸ்டர், ஓடு! திரும்பி ஓடடா மாஸ்டர்!”

நான் ஓடினேன். முப்பத்தாறு வயதில் எவரும் என்னை அப்படி ஏவியதில்லை. அப்படி நான் ஓடியதுமில்லை. அந்த வீரர் அடித்த பந்து இலக்குக் கோட்டை அடையுமுன், வழுக்கியபடி காலை நீட்டினேன். பந்து என் கணுக்காலில் பட்டு வேலிக்கு வெளியே போய் விழுந்தது. நான் வலைக்குள் கிடந்தேன்.

என்னைத் தூக்கவும் பத்துப் பேர் ஓடிவரத் தொடங்கினார்கள். “நில்லுங்கோ,” என்று கத்தினேன். “அவையவை அவையின்ரை இடத்துக்குப் போங்கோ.” போனார்கள்.

தலைவர் சேற்றுக் காற்சட்டையோடு கொஞ்சநேரம் நின்று எங்களைப் பார்த்தார். பயிற்றுநரைப் பார்த்தார், அவர் நின்ற இடத்தையும் அவருடைய பாதங்களையும் பார்த்தார் என்றே எனக்குத் தோன்றியது. பார்த்தார் என்று உறுதியாகச் சொல்லமாட்டேன். பின்னர் மேலங்கியை எடுத்துப் போட்டுக்கொண்டு தாளில் எதையோ எழுதினார். நான் அவரிடம் போய், எங்கள் ஆட்கள் சார்பில் மன்னிப்புக் கேட்டேன். ஒன்பது ஆண்டுகளில் தம்மிடமிருந்து பந்தைப் பறித்த முதல் ஆள் இவர்தான் என்று சொல்லி, குருநகர்க்காரரின் கையைத் தேடிப் பிடித்துக் குலுக்கினார்.

திரும்பும் பேருந்தில் குருநகர்க்காரர் என் பக்கத்தில் அமரவில்லை. இறங்கும்போதுதான் வந்தார்.

“மாஸ்டர், நான் ‘அடா’ எண்டு சொல்லிப்போட்டன்.”

“சொன்னபடியால்தான் ஓடினன்.”

“அண்ணைக்கு எழுதிப்போடாதேங்கோ.”

“எழுதமாட்டன்.”

“மாஸ்டர் எழுதினாலும் அவன் நம்பமாட்டான்,” என்றார் பின்னால் வந்த மன்னார்க்காரர். “மாஸ்டர் ஓடினவர் எண்டதை ஆர் நம்புவினம்?”

முடிவு கடிதமாக வந்தது. பயிற்றுநர் அதை உடைக்காமல் ஆலைக்குக் கொண்டுவந்து, இடைவேளையில் என் முன்னே வைத்தார். நான் உடைத்து வாசித்தேன். செய்முறைத் தேர்வில் தேறியுள்ளார், சான்றிதழ் தனியே அனுப்பப்படும். இரண்டே வாக்கியங்கள். பாராட்டும் இல்லை, குறையும் இல்லை. “இன்னொருக்கா வாசியும்,” என்றார். வாசித்தேன். கடிதத்தை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, நூற்கண்டு வண்டியைத் தள்ளிக்கொண்டு போனார்.

குளிர்காலம் முடிந்ததும் அவர் அந்தக் கிராமத்துக்குப் போய்விட்டார். எங்களுக்குப் பயிற்றுநர் இல்லாமற் போயிற்று. போகுமுன் கயிற்றை எங்களிடம் விட்டுப் போவாரென்று எதிர்பார்த்தோம். அவர் அதைச் சுருட்டித் தம்மோடு எடுத்துச் சென்றார். குருநகர்க்காரரிடம் அந்த முடிச்சை மூன்று முறை போட்டுக்காட்டச் சொல்லிப் பழகிக்கொண்டார். அதன்பின் எங்கள் பின்களத்தில் குரல் கொடுப்பது குருநகர்க்காரரின் வேலையாயிற்று. ‘அடா’ மறுபடியும் வரவில்லை; ‘மாஸ்டர், முன்னுக்கு!’ என்பது மட்டும் வந்தது. அது போதுமானதாக இருந்தது.

ஒரு வசந்தகாலச் சனிக்கிழமை நான் பேருந்தில் அந்தக் கிராமத்துக்குப் போனேன். பசுக்கள் மேயும் சரிவுக்குக் கீழே மைதானம். கிராமத்து ஆட்கள் நால்வர் இடுப்பில் கயிறோடு ஓடிக்கொண்டிருந்தார்கள். இழுத்தால் இறுகாத முடிச்சு. அவர் கோட்டுக்கு வெளியே, கைகளை முதுகின் பின்னால் பிடித்துக்கொண்டு நின்றார். பயிற்சி முடியும்வரை நான் அவரை அழைக்கவில்லை. முடிந்தபின் தேநீர் தந்தார். மகளுக்கு இந்நாட்டுப் பள்ளியில் இடம் கேட்டு எழுதவேண்டிய விண்ணப்பத்தை எடுத்துவந்தார். அதை நான் எழுதிக்கொடுத்தேன். அவரை நான் கண்டது அதுவே கடைசி.

அடுத்த ஆண்டு வேலை காரணமாக லாங்கன்தால் நகருக்கு மாறினேன். என் புது முகவரியை எழுதி அவருக்கு ஓர் அட்டை அனுப்பினேன். அட்டை திரும்பி வந்தது. பெறுநர் அங்கே இல்லை என்ற சீட்டு அதில் ஒட்டியிருந்தது. எங்கே போனார் என்று எழுதியிருக்கவில்லை.

தெரியாதவை இவை. அவர் எத்தனை பருவங்கள் அந்தக் கழகத்தில் இருந்தார் என்பது எனக்குத் தெரியாது. வேறு கழகத்துக்குப் போனாரா, பெருவுக்குத் திரும்பினாரா என்பதும் தெரியாது. தேர்வாளர் அன்று தாளில் எழுதியது என்ன என்பதை நான் பார்க்கவில்லை. நான் எழுதிக்கொடுத்த விண்ணப்பம் அனுப்பப்பட்டதா, அந்தப் பெண்பிள்ளை இங்கே வந்து சேர்ந்தாளா என்பது எனக்குத் தெரியாது.